பழைய தாளில் ஒளிந்திருக்கும் வாட்டர்மார்க்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய கையெழுத்துப் பிரதியில் எழுதப்பட்ட தேதி பொய்யாக இருக்கலாம், ஆனால் தாளின் வயதை மறைப்பது கடினம், அதன் வாட்டர்மார்க் காட்டிக்கொடுத்துவிடும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் ஃபாப்ரியானோவில் தொடங்கிய பழக்கம் இது: தாள் வார்க்கும் சல்லடையில் கம்பியை வளைத்து ஒரு உருவம் தைத்துவிடுவார்கள். கம்பி இருக்கும் இடத்தில் கூழ் மெலிதாகப் படியும், அதனால் அங்கே வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும். அப்படித் தெரியும் உருவம்தான் வாட்டர்மார்க் என்ற குறி.

முதலில், எங்கே தேடுவது என்று தெரிந்துகொள்ளுங்கள். முழுத்தாளை ஒருமுறை மட்டும் மடித்த பெரிய புத்தகத்தில் குறி ஒரு பக்கத்தின் நடுவில் இருக்கும், அதற்கு எதிர்ப்பாதி வெறுமையாகவும் இருக்கலாம். இருமுறை மடித்திருந்தால் அது தைத்த மடிப்புக்குள் போய், பாதி ஒரு ஏட்டிலும் மீதி இன்னொன்றிலுமாகப் பிரிந்துவிடும். இதைத் தெரியாமல்தான் பலர் "குறியே இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து வெளிச்சம். கையைக் கழுவி நன்றாக உலர்த்திவிட்டு, சூடாகாத மெல்லிய எல்இடி பலகையை ஏட்டின் பின்னால் வையுங்கள். அறையை இருட்டாக்கி, பலகையில் தாள் மறைக்காத பகுதியைக் கறுப்பு அட்டையால் மூடுங்கள். இந்த அட்டையை மட்டும் தவிர்க்காதீர்கள், ஓரத்தில் கண் கூசினால் மங்கலான குறி தெரியவே தெரியாது.

எழுத்து மறைக்கிறதா? கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, பக்கத்தில் ஒரு அளவுகோலையும் வைத்து, முன்வெளிச்சத்தில் ஒன்று, பின்வெளிச்சத்தில் ஒன்று என இரண்டு படம் எடுங்கள். இரண்டுக்கும் நடுவே எதுவும் அசையக் கூடாது. அப்புறம் கிம்ப் மாதிரியான இலவச மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்து வித்தியாசத்தை மட்டும் காட்டச் சொன்னால், இரண்டிலும் பொதுவாக இருக்கும் எழுத்து மங்கி, குறி மேலே வரும். எழுத்து முழுதாக மறையாது, பரவாயில்லை.

பேனா அழுத்திய பள்ளங்களையும் பார்க்க வேண்டுமா? டார்ச்சைத் தாளோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.

விலங்குத் தோலில் எழுதிய ஏடு என்றால் கதையே வேறு, அதில் வாட்டர்மார்க் இருக்காது, அழித்த எழுத்தைத்தான் தேட வேண்டும். சுரண்டி அழித்த இரும்பு மையின் தடயம் 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பெரும்பாலும் கருமையாகத் தெரியும், சுற்றியுள்ள தோல் ஒளிரும். ஆர்க்கிமிடீஸின் நூலை அழித்து அதன்மேல் 1229இல் பிரார்த்தனைகளை எழுதிய ஏட்டில், அடியிலிருந்த எழுத்தைப் படிக்கப் பல அலைநீளப் படங்களும் எக்ஸ்ரேயும் உதவின. நீங்கள் புற ஊதா விளக்கு போட்டால் அந்த ஒளியைத் தடுக்கும் மூக்குக்கண்ணாடி கட்டாயம், அதுவும் சில நொடிகள்தான். அந்த ஒளி ஏட்டுக்கும் கெடுதல்.

குறி கிடைத்ததும் உருவத்தோடு, அதைச் சுற்றி சல்லடைக் கம்பிகள் பதித்த, அகன்ற இடைவெளியுள்ள கோடுகளுக்கு இடையிலான தூரத்தையும் மில்லிமீட்டரில் குறியுங்கள். வாட்டர்மார்க் ஆய்வாளர் பிரிக்கே 1907இல் வெளியிட்ட தொகுப்பில் 16,000க்கு மேற்பட்ட குறிகள் உண்டு. ஆனால் ஒரே மாதிரி காளைத்தலை உருவக் குறிகளே நூற்றுக்கணக்கில் இருக்கும், கோடுகளின் அளவு பொருந்தினால்தான் அது உங்கள் குறி. சல்லடைகளை ஜோடியாகப் பயன்படுத்தியதால் ஒரே தாள்கட்டுக்குள் சற்றே வேறுபட்ட இரண்டு குறிகள் மாறி மாறி வந்தால் குழம்பாதீர்கள், இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்.