நார்னியா: இரண்டாம் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

நார்னியா என்ற மாய உலகைப் பற்றிய சிறுவர் நாவல் வரிசையை யாருக்காவது பரிந்துரைக்கிறீர்களா? இப்போதைய பதிப்புகளில் 1 என்று எண் போட்ட புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். 2 என்று இருப்பதைக் கொடுங்கள், சிங்கமும் சூனியக்காரியும் அலமாரியும் வரும் கதை அது.

சி. எஸ். லூயிஸின் ஏழு நாவல்களில் முதலில், 1950-இல், வெளிவந்தது அதுதான். இப்போது 1 என்று நிற்கும் ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ 1955-இல் ஆறாவதாக வந்தது. கதைக்குள் காலத்தால் முந்தையது என்பதால் பின்னாளில் முன்னால் வைத்துவிட்டார்கள். அந்த அலமாரி எப்படி வந்தது, பனிக்காட்டின் நடுவில் விளக்குக் கம்பம் ஏன் நிற்கிறது என்பதையெல்லாம் அது விளக்கிவிடும். விடை முன்பே தெரிந்தால், லூசி என்ற சிறுமி அலமாரிக்குள் நுழைந்து நார்னியாவுக்குப் போகும்போது வாசகருக்கு அந்தத் திகைப்பே இருக்காது. எனக்கு அந்தத் திகைப்புதான் மொத்த வரிசையிலும் பிடித்த இடம்! அப்புறம், 2 என்று எண் போட்ட கதை தனிக்கதையாகவே முடிந்துவிடும். பிடிக்காவிட்டால் ஏழு புத்தகப் பெட்டிக்குக் காசு வீணாகாது.

ஏற்கெனவே திரைப்படம் பார்த்தவர்களுக்கு இது பெரிதாகப் பொருந்தாது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ போல ஒரே கதை மூன்று பாகமாக ஓடும் புத்தகங்களுக்கும் இதைச் செய்யாதீர்கள், அதை எண் வரிசையில்தான் படிக்க வேண்டும்.