படகுக்குக் கரை மின்சாரம்: பச்சைக் கம்பியை வெட்டாதீர்கள்

கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே மிதவையில் கட்டிய பாய்மரப் படகுக்குக் கரை மின்சாரம் வேண்டியதில்லை. துறைச் சுவரை ஒட்டிக் கட்டும்போதும், மழைக்காலத்துக்குக் கரையேற்றும்போதும்தான் வீட்டு எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்துவரும் ஆசை வரும். நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்தார். பிளக்கின் ஒரு முள் கறுத்து, பிளாஸ்டிக் இளகி, சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் பிரித்தோம்.

மும்பையின் மின்பொருள் சந்தையான லோஹார் சாலில் 16 ஆம்பியர் நீல நிற வட்ட பிளக் கேளுங்கள். படகுக்குள் ஓடும் கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர், பல இழை, வெள்ளீயம் பூசியது. நுனியைச் சீவிக் காட்டச் சொல்லுங்கள்; வெள்ளிபோல் மின்ன வேண்டும். வெறும் செம்பு உப்புக் காற்றில் சீக்கிரமே கறுத்துவிடும்.

வேலை முடியும்வரை கரைக் கேபிள் படகுக்கு அருகிலேயே வரக்கூடாது. முதலில், கரைக் கேபிளைச் செருகும் இன்லெட்டைப் படகில் தண்ணீர் அடிக்காத உயரத்தில் பொருத்துங்கள். முள் படகில், துளை கேபிளில். மாற்றினால் வெளியே நீட்டிய முள்ளில் 230 வோல்ட் நிற்கும். அடுத்து, இன்லெட்டிலிருந்து 3 மீட்டருக்குள், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கும் இரட்டைத் துருவ 16 ஆம்பியர் பிரேக்கரும், மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும். ஒற்றைத் துருவம் போதாது. கரையில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், பிரேக்கர் விழுந்த பிறகும் கம்பியில் உயிர் இருக்கும்.

நம் ஊர்ப் பழைய வயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். படகின் 12 வோல்ட் பேட்டரிக் கம்பிகளுக்கும் பெரும்பாலும் அதே சிவப்பும் கறுப்பும்தான்! இரண்டையும் ஒரே பெட்டிக்குள் விடாதீர்கள். 230 வோல்ட் கம்பிகள் தனிக் குழாயில் போகட்டும்.

இனி எர்த். பச்சைக் கம்பியைப் படகின் பேட்டரி நெகட்டிவோடு ஒரே இடத்தில் இணையுங்கள். நியூட்ரலையும் எர்த்தையும் மட்டும் படகுக்குள் சேர்க்கவே கூடாது. மிதக்கும் படகில் இந்த எர்த் வழியாக உங்கள் புரொப்பெல்லரும் பக்கத்துப் படகின் உலோகமும் சேர்ந்து, கடல்நீரில் ஒரு பேட்டரியாகிவிடும். படகின் உலோகம் அரிக்காமல் காக்கத் தான் கரையும் துத்தநாகக் கட்டி வேகமாகக் கரையும். அதைத் தடுக்கப் பச்சைக் கம்பியை வெட்டும் புத்திசாலிகள் உண்டு. மின்பழுது வந்தால் கட்டி மிஞ்சும், ஆள் மிஞ்சமாட்டார். எர்த் கம்பியின் நடுவே கால்வானிக் ஐசோலேட்டர் வையுங்கள்; அரிக்கும் சிறு மின்னோட்டத்தைத் தடுத்து, பழுது மின்னோட்டத்தை மட்டும் கடத்தும்.

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கட்டாயம் சோதிக்க வையுங்கள். தாராவியிலிருந்து வரும் எங்கள் அண்ணன் படகில் கால் வைத்ததும் கேட்பது, "எர்த் எங்கே சார்?"

இணைக்கும்போது பிரேக்கரை அணைத்து, முதலில் படகில் செருகி, பிறகு கரையில் செருகுங்கள். கழற்றும்போது கரையில்தான் முதலில். மும்பையில் ஓதத்தால் கடல்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்கும், கேபிளைத் தளர்வாக விடுங்கள். ஆர்சிசிபியின் 'டி' பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். சார்ஜர் அரை மணி நேரம் ஓடியதும் பிளக்கின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொடுங்கள். சுட்டால் கரைச் சுவிட்சை அணைத்து, கரையில் கேபிளைக் கழற்றிவிட்டுத் திருகாணிகளைப் பாருங்கள். ஏதோ ஒன்று தளர்ந்திருக்கும்.