இணையதளங்களை மதிப்பிடக் கற்பித்தல்: ஆங்கிலம் கற்போர் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் மாணவரிடம் ஓர் இணையப் பக்கத்தைக் காட்டி இதை நம்பலாமா என்று கேட்டால், அவர் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கி, தெரியாத சொற்களுக்கெல்லாம் அகராதியைப் புரட்டி, கடைசியில் எல்லாம் புரிந்துவிட்ட மகிழ்ச்சியில் அதை உண்மையென்றே ஏற்றுக்கொள்வார். பக்கத்தை முழுதாகப் படித்த பிறகு தீர்ப்புச் சொல்லும்படி பணிப்பதுதான் இவ்வகுப்புகளில் நடக்கும் பெருந்தவறு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. வரலாற்றறிஞர்கள் 10 பேர், செய்திகளைச் சரிபார்க்கும் தொழில்முறையாளர்கள் 10 பேர், இளநிலை மாணவர்கள் 25 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களிடம் தரப்பட்ட பக்கங்களுள் ஒன்று 1930இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்னும் குழந்தை மருத்துவர்களின் அமைப்பினுடையது. மற்றொன்று, 2002இல் அதிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய, அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்னும் சிறிய அமைப்பினுடையது. மாணவர்களில் பலரும் வரலாற்றறிஞர்களில் சிலரும் இச்சிறிய அமைப்பினுடைய பக்கத்தின் தோற்றத்திலும் அடிக்குறிப்புகளிலும் மயங்கிப்போக, சரிபார்ப்பாளர்களோ சிறிது நேரத்திலேயே பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய டேப்களைத் திறந்து, அவ்வமைப்பைப் பற்றிப் பிறர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினார்கள். ஆங்கிலம் கற்பவருக்கு இந்த வழி இன்னும் பொருத்தமானது. ஆயிரம் சொற்கள் கொண்ட கட்டுரையை அலசுவதைவிட, அதை நடத்துவது யார், பணம் தருவது யார் என்பதைத் தேடல் முடிவுகளின் இரண்டு வரிகளில் படித்தறிவது அவருக்கு எளிது.

இலக்கணப் பிழை இருந்தால் நம்பாதே என்னும் அறிவுரையையும் கைவிட வேண்டும். அந்தப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அவருக்கு இன்னும் ஆங்கிலம் வந்திருக்காது. மேலும், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையற்ற ஆங்கிலத்தை நொடியில் எழுதித் தரும் இக்காலத்தில், பொய்யான தளமும் வழுவின்றி எழுதப்பட்டிருக்கலாம்; ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாட்டின் நேர்மையான தளத்தில் பிழைகள் மலிந்திருக்கவும் கூடும்.

முகவரியின் முடிவைப் பார்த்து முடிவுகட்டுவதும் அப்படித்தான். அமெரிக்க அரசுத் தளங்களுக்கான டாட் கவ் (.gov), கல்வி நிறுவனங்களுக்கான டாட் எஜு (.edu) என்பவற்றைப் பெறக் கட்டுப்பாடுகள் உண்டு. டாட் ஆர்க்கை (.org) யாரும் வாங்கலாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரையே முகவரியாகக் கொண்ட ஒரு டாட் ஆர்க் தளத்தை, அவரை இழிவுபடுத்துவதற்காகவே வெள்ளை இனவெறிக் குழு ஒன்று பல ஆண்டுகள் நடத்திவந்தது. அமெரிக்க வரலாறு தெரியாத மாணவர் ஐயுறுவதற்கு அந்த முகவரியில் ஒன்றுமே இல்லை.

மரத்தில் வாழும் ஆக்டோபஸ் பற்றி 1998இல் உருவாக்கப்பட்ட வேடிக்கைத் தளத்தைப் பயிற்சிக்குத் தருவோர் இன்றும் உண்டு. புதிய மொழியில் படிப்பவருக்கு எந்த விலங்கின் பெயரும் புதிதுதான். விந்தையாகத் தோன்றுவது செய்தியா, தம் ஆங்கிலமா என்று அவரால் பிரித்தறிய இயலாது. அவர் நாள்தோறும் சந்திக்கும் வேலைவாய்ப்பு, மருத்துவம், விசா தொடர்பான தளங்களையே பயிற்சிக்குத் தரலாம்.

தேடிக் கண்டதைத் தாய்மொழியில் விவாதிக்கத் தடை விதிக்கவே கூடாது. மதிப்பெண் இடும்போதும் வாக்கிய அமைப்பைத் தனியே வைத்துவிட்டு, அவர் எந்தெந்தப் பக்கங்களைத் திறந்து எதைக் கொண்டு முடிவுக்கு வந்தார் என்பதற்கே மதிப்பெண் தர வேண்டும்.