பழைய பைபர் படகுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்

எங்கள் படகு 2005-ல் சுனாமி நிவாரணத்தில் தரங்கம்பாடிக்கு வந்தது. வரும்போது நல்ல நீலம். வெயிலும் உப்பும் பட்டுச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிட்டது, சாய்ந்து நின்றால் சட்டையில் வெள்ளைப் பொடி ஒட்டும். போன மாசியில் மாமா, "பெயிண்ட் அடிச்சிருவமா?" என்றார். அணியத்தில் (படகின் முன்பக்கம்) நன்கொடை கொடுத்தவர்களின் ஸ்டிக்கர் ஒன்று மிச்சம் இருந்தது. அதை உரித்துப் பார்த்தால் அடியில் பழைய நீலம் அப்படியே இருக்கிறது. பெயிண்ட் யோசனையை அங்கேயே விட்டோம். மணலில் இழுத்து ஏற்றும் படகில் பெயிண்ட் எத்தனை நாள் நிற்கும்?

உங்கள் படகு தேறுமா என்று பார்க்க ஈரத்துணி போதும். நனைத்த இடத்தில் பழைய நிறம் எட்டிப்பார்த்தால் தேய்த்தே மீட்கலாம். நனைத்தும் வெளுப்பாகவே இருந்தாலோ, உள்ளே இருக்கும் பைபர் நார் தெரிந்தாலோ ஜெல்கோட், அதாவது பைபருக்கு மேலே இருக்கும் நிறப்பூச்சு, தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்துக்குப் பெயிண்ட்தான்.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, படகின் அடியில் ஒட்டி வளரும் சிப்பி மாதிரியான கொட்டலசை மரச்சில்லால் சுரண்டுங்கள். இரும்பு வைத்தால் கீறல் விழும், அப்புறம் அதற்கு ஒரு நாள் வேலை.

கீறல், வெடிப்புகளுக்கு கார் ஒர்க்ஷாப் பட்டி வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு வருஷம் முன்பு நான் பூசினேன். தண்ணீரைக் குடித்து உப்பி, ஐப்பசிக்குள் பிஸ்கட் மாதிரி பெயர்ந்து வந்தது. ஜெல்கோட்டே வாங்குங்கள், நிறம் ஒத்துப்போக ஸ்டிக்கர் மறைத்திருந்த இடத்தைப் படம் எடுத்துப் போங்கள். வெடிப்பை 'வி' மாதிரி கொஞ்சம் அகலப்படுத்தி, ஈரம் போகக் காயவிட்டுப் பூச வேண்டும். 100 கிராம் ஜெல்கோட்டுக்கு ஹார்டனர் (அதை இறுக வைக்கும் திரவம்) 1 முதல் 2 கிராம். நம் வெயிலுக்கு 1 போதும், அதுவும் காலையிலேயே பூசிவிடுங்கள். பூசிய கையோடு பாலிதீன் தாளை மேலே ஒட்டிவிடுங்கள். காற்றுப் பட்டால் மேல்பரப்பு இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும்.

ஒரு எச்சரிக்கை. சில கடைகளில் கோபால்ட்டையும் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) ஹார்டனரையும் தனித்தனியாகத் தருவார்கள். இரண்டையும் நேராகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ஜெல்கோட்டில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம் ஹார்டனர். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள்.

இனி தேய்ப்பு. வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) 600, 800, 1000 என்று வரிசையாக, நம்பர் கூடக் கூட நைசாக இருக்கும். கட்டையில் சுற்றி, வாளித் தண்ணீரில் முக்கி முக்கித் தேய்க்க வேண்டும். முதலில் வழிவது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், அது செத்த ஜெல்கோட். அது நீலமாக மாறியதும் நிறுத்திக்கொண்டு அடுத்த நம்பருக்குப் போங்கள். ஜெல்கோட்டின் கனமே அரை மில்லிமீட்டர்தான், ஓரங்களில் இன்னும் குறைவு. மாமா பேச்சு சுவாரசியத்தில் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நார் தெரியும் வரை தேய்த்துவிட்டார். உலர்ந்த பேப்பரால் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

அப்புறம் ரப்பிங் காம்பவுண்டை (மெருகேற்றும் பசை) பழைய பனியன் துணியில் எடுத்து, இரண்டு அடி இரண்டு அடியாக மெருகேற்றுங்கள். நாங்கள் நான்கு பேர் மூன்று நாள் தேய்த்தோம். ஆள்கூலி இல்லாததால் செலவு ஐயாயிரத்தைத் தாண்டவில்லை.

கடைசியில் மெழுகு. ஆனால் பதிவு எண்ணை எழுதிக் காயவைத்த பிறகுதான் மெழுகைத் தொட வேண்டும். நாங்கள் முதலில் மெழுகைப் போட்டுவிட்டோம், எழுதிய எண் மறுநாளே உரிந்தது. தின்னரால் துடைத்துத் திரும்ப எழுதினோம்.