பேச்சு வட்டத்தை மூடும்போது செய்யக் கூடாதவை

தேவாரம் ஓதுகிறவர், பெரியார் தொண்டர், சபை ஊழியர், ஜமாத்தில் பொறுப்பில் இருக்கிறவர் என்று நாலு விதமான ஆட்கள் மாதம் ஒருமுறை கூடி, சாமி பற்றியும் நம்பிக்கை பற்றியும் சண்டை போடாமல் பேசும் வட்டங்கள் கொங்குப் பக்கம் சில ஊர்களில் உண்டு. ஆரம்பித்தவர்களுக்கு வயதாகிவிட்டது. ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். கோபிப் பக்கத்திலிருந்தும் பெருந்துறைப் பக்கத்திலிருந்தும் அண்மையில் யோசனை கேட்டு வந்தார்கள். எங்கள் வட்டத்தை மூடியபோது எங்கள் ஆட்கள் போன அதே தப்பான வழியில் இரண்டு வட்டத்தாரும் போய்க்கொண்டிருந்ததால்தான் இதை எழுதுகிறேன். மண்டப வாடகை பாக்கி, டீக்கடைக் கணக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பங்குனியில் முடிவெடுப்பது

வருகை குறைந்துவிட்டது, அதனால் மூடுகிறோம் என்பார்கள். எந்த மாதத்தில் தலையெண்ணினீர்கள் என்று கேட்டால் பங்குனி, சித்திரை என்று பதில் வரும். பங்குனியில் ஈரோட்டில் பெரிய மாரியம்மனுக்குக் கம்பம் நட்டிருப்பார்கள், பண்ணாரியில் குண்டம், சபைக்காரர்களுக்குத் தவக்காலம். அண்மைச் சில ஆண்டுகளில் ரமலான் நோன்பும் இதையொட்டியே வந்தது. நம்பிக்கை பற்றிப் பேச வேண்டியவர்கள் அவரவர் நம்பிக்கையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். புரட்டாசியில் கல்யாண முகூர்த்தமும் கிடையாது. அப்போது ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அப்போதும் நாற்காலி காலியாகக் கிடந்தால் சரி, மூடலாம்.

குறிப்பு நோட்டை யார் வீட்டிலாவது விட்டுவைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். மற்றதெல்லாம் பணத்தோடு போகும். இது மனிதர்களைத் தொடும்.

எங்கள் வட்டத்தில் ஒருவர் விடாமல் குறிப்பெழுதுவார். நீளமான கணக்கு நோட்டில் தேதி, தலைப்பு, யார் என்ன சொன்னார் என்று எல்லாம் பெயரோடு இருக்கும். ஒரு பக்கத்தில் விஜயமங்கலம் சமணக் கோயில் பற்றிய பேச்சு. அதற்கு அடுத்த பக்கத்திலேயே, "பையன் போனதுக்கப்புறம் விளக்கேத்தக் கை வரலைங்க" என்று ஒரு அப்பா சொன்னது. அவர் அதைத் தன் வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

வட்டம் நின்றது. நோட்டுகள் எழுதியவர் வீட்டுப் பரணுக்குப் போயின. யாரும் கேட்கவில்லை. அவர் காலமாகி, வீட்டைக் காலி செய்தபோது சில நோட்டுகள் பழைய பேப்பர்காரருக்குப் போயின, ஒன்று உறவுக்காரர் கையில் சிக்கியது. அப்புறம் ஒரு சமயம் எங்கள் நண்பர் ஒருவரின் குலதெய்வக் கோயிலில் கும்பாபிஷேக வேலை தொடங்கியது. திருப்பணிக் குழுவுக்கு நண்பரைப் பொருளாளராகப் போடலாம் என்று பேச்சு. பங்காளிகள் எல்லாம் கூடியிருந்த இடத்தில் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க, சாமியே இல்லைன்னு சொன்னவருகிட்டயா தலைக்கட்டு வரியைக் குடுக்கறது?" நோட்டின் ஒரு பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தார். அது கைக்குக் கை மாறியது.

நண்பர் சொன்னது அதுவே இல்லை. தனக்குச் சந்தேகம் வருகிறது என்றுதான் சொல்லியிருந்தார், அதையும் அடுத்த கூட்டத்தில் மாற்றிக்கொண்டார். அந்த அடுத்த கூட்டம் எடைக்குப் போன நோட்டில் இருந்தது. பொறுப்பு கைவிட்டுப் போனது பெரிதில்லை. பங்காளி வீட்டு விசேஷங்களுக்கு அழைப்பு வருவது நின்றுபோனது. வயதான அம்மாவுக்கு அதைச் சொல்லி விளங்கவைக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

நோட்டைக் கழிப்பது பாவம், அது வரலாறு என்று யாராவது சொல்வார்கள். ஈரோட்டுக்காரர்களுக்கு இதில் பிடிப்பு அதிகம். குடியரசு வார இதழ் 1925-இல் இந்த ஊரிலிருந்துதானே கிளம்பியது, பழைய தாளின் மதிப்பு நமக்குத் தெரியாதா என்பார்கள். அதில் எழுதியவர்கள் ஊரெல்லாம் படிக்கட்டும் என்று எழுதினார்கள். நம் வட்டத்தில் பேசியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவரை நம்பிப் பேசினார்கள்.

ஆகவே மூடும் தேதியை அறிவிப்பதற்கு முன்பே நோட்டுகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தேதி, தலைப்பு, வெளியூரிலிருந்து வந்து பேசியவர் பெயர் இவற்றை மட்டும் தனியாக ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள், வரலாற்றுக்கு அது போதும். மற்றப் பக்கங்களைப் பேசியவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ கொடுப்பதா, கிழிப்பதா என்று பேசியவரையே கேளுங்கள். அவர் உயிரோடு இல்லையென்றால் கிழித்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு அப்பாவின் சந்தேகம் தெரிய வேண்டும் என்று நாம் முடிவு செய்யக் கூடாது. ஒலிப்பதிவு இருந்தால் அதற்கும் இதே கதிதான். நான் இதைச் சொன்னபோது பெருந்துறைக்காரர் சிரித்துக்கொண்டே, "எங்க நோட்டு பத்திரமா இருக்குதுங்க, மாமா வீட்டு பீரோவுல" என்றார். எந்த மாமா என்று கேட்டேன். அவருக்கே நிச்சயமில்லை.

கடைசிக் கூட்டத்தில் கடவுள் உண்டா, இல்லையா

வேண்டாம்.

கணக்கில் கொஞ்சம் பணத்தை விட்டுவைப்பது

"இருக்கட்டும், பின்னால் உதவும்" என்று சில ஆயிரத்தை வங்கியிலேயே விட்டுவிடுவார்கள். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லையென்றால் கணக்கு செயல்படாக் கணக்காகிவிடும். பத்து ஆண்டு ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். திரும்ப வாங்கலாம்தான், ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய இருவரில் ஒருவர் அதற்குள் இல்லாமல் போயிருந்தால் அலைச்சல் சொல்லி மாளாது. பதிவு செய்த சங்கமாக இருந்தால், கூட்டம் போடாமல் விட்டாலே கலைந்துவிட்டதாக அர்த்தமில்லை. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் முறையாக முடிக்க வேண்டும். மிச்சப் பணத்தை உறுப்பினர்கள் பங்கு பிரித்துக்கொள்ள முடியாது.

புத்தகங்களை மதவாரியாகப் பிரிப்பது

பைபிள் சபைக்கு, குர்ஆன் மொழிபெயர்ப்பு பள்ளிவாசலுக்கு, திருவாசகம் மடத்துக்கு என்று அனுப்பினால், ஏற்கெனவே அங்கே பத்து இருக்கும். பட்டியல் எழுதி, கிளை நூலகத்தில் எது வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.

வாட்ஸ்அப் குழு

அட்மின் மட்டும் விலகினால் வேறொருவர் தானாக அட்மின் ஆகிவிடுவார். அப்புறம் காலை வணக்கம், ஜோசியம், கட்சிச் செய்தி என்று அது உங்கள் வட்டத்தின் பெயரிலேயே ஓடும். எல்லோரையும் நீக்கிவிட்டுக் கடைசியாக நீங்கள் வெளியேறுங்கள்.

பெயரைத் தானம் செய்வது

"நாங்க எடுத்து நடத்தறோம், பேரு மட்டும் குடுங்க" என்று இளைஞர்கள் வருவார்கள். நல்ல பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பது யார் என்பது அடுத்த தேர்தலில்தான் தெரியும். நாற்காலி, மைக் கொடுங்கள். பெயரைப் புதிதாக வைத்துக்கொள்ளட்டும்.