ஆர்.வி. வண்டிக்குள் வாஷிங் மெஷின்: ஹோஸ் கசிந்து தரை ஊறாமல் இருக்கச் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில், படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ள ஆர்.வி. வண்டியிலேயே ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்துகிறவர்கள், உள்ளே ஒரு வாஷிங் மெஷின் வைக்கும்போது எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். எத்தனை துணி கொள்ளும், உலர்த்த எவ்வளவு நேரம் ஆகும், சுழலும்போது வண்டி ஆடுமா என்றெல்லாம் கேட்பார்கள். மெஷினின் முதுகில் மாட்டியிருக்கும் இரண்டு ஹோஸ்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

வீட்டில் ஹோஸ் கசிந்தால் தண்ணீர் கண்ணில் படும். ஆர்.வி.யில் படாது. தரை மெல்லிய பிளைவுட். அதற்குக் கீழே பஞ்சு போன்ற வெப்பத்தடுப்பு. அதற்கும் கீழே வண்டியின் அடிவயிற்றை மூடும் பிளாஸ்டிக் தகடு. கசிந்த தண்ணீர், குழாய்கள் இறங்கும் ஓட்டை வழியாகப் போய்ப் பஞ்சில் ஊறி, அந்தத் தகட்டின்மேல் தேங்கி நிற்கும். எங்கள் வண்டியில் உள்ளே தரை காய்ந்தே இருந்தது. அடித்தகடு மட்டும் ஓரிடத்தில் தொப்பை போட்டுத் தொங்கியது. ஓரத் திருகு ஒன்றைக் கழற்றியதும் துருவும் சோப்பும் கலந்த நாற்றத்தோடு தண்ணீர் கொட்டியது. கசிந்தது ஹோஸின் இணைப்பு. புது ஹோஸ், நல்ல ஹோஸ்.

அதனால் என் கட்சி இதுதான்: விலை உயர்ந்த ஹோஸ் வாங்குவது இரண்டாம்பட்சம். ஹோஸ்களுக்குத் தண்ணீர் விடும் வால்வு திறந்திருக்கும் வரை, மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த இரண்டு ஹோஸ்களும் முழு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கின்றன. துவைக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் வால்வு மூடியிருக்க வேண்டும். அப்படி மூட வேண்டுமென்றால் அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

படி 1: அழுத்தத்தை அடக்குங்கள்

வண்டியை நிறுத்தித் தங்கும் முகாம்களில் குழாய்த் தண்ணீரின் அழுத்தத்துக்கு ஒரு நியதி கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் இருந்து, உங்கள் இடம் அதற்கு 100 அடி கீழே இருந்தால், அந்த இறக்கம் மட்டுமே சுமார் 43 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) தந்துவிடும். காலையில் எல்லாரும் குளிக்கும்போது சோர்ந்து ஒழுகும் குழாய், நள்ளிரவில் யாரும் திறக்காதபோது விறைத்துக்கொள்ளும். சாயங்காலம் ஒருமுறை அளந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினால் பாதிக் கதைதான் தெரியும். எட்டிய உச்ச அழுத்தத்திலேயே நின்றுவிடும் இரண்டாவது முள் கொண்ட மானிகள் கிடைக்கின்றன. அதை ஓர் இரவு மாட்டி வைத்துப் பாருங்கள்.

வண்டியின் சொந்த பம்ப் பொதுவாக 45 முதல் 55 பிஎஸ்ஐ தருகிறது. மெஷினுக்கு அது தாராளம். முகாம் குழாய்க்கும் ஓர் அழுத்தக் குறைப்பான் வைத்து அதே அளவில் நிறுத்துங்கள். விரல் பருமனில், மானியும் திருகும் இல்லாமல் வரும் மலிவான பித்தளைக் குறைப்பானை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது எந்த அழுத்தத்தில் நிற்கிறது என்று பார்க்கவும் முடியாது, தண்ணீரின் வேகத்தையும் நெரித்துவிடும். மானியோடு, திருகித் திருத்தக்கூடியதை வாங்குங்கள். அதை வண்டிப் பக்கம் மாட்டாமல் முகாம் குழாயின் வாயிலேயே மாட்டினால், வெளியே கிடக்கும் ஹோஸுக்கும் பாதுகாப்பு.

படி 2: வால்வை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்

பல வண்டிகளில் வால்வுகள் மெஷினுக்குப் பின்னால், சுவரில் இருக்கின்றன. 60 கிலோவுக்கு மேல் எடையுள்ள மெஷினை அலமாரியிலிருந்து இழுத்தால்தான் கை போகும். ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் அதை யார் செய்வார்கள்?

மெஷினுக்குப் போகும் பெக்ஸ் (வளையும் பிளாஸ்டிக்) குழாய்களைப் பின்தொடர்ந்து போங்கள். பக்கத்து அலமாரியிலோ கட்டிலுக்கு அடியிலோ அவை வெளிப்படும் இடம் ஒன்று நிச்சயம் இருக்கும். அங்கே வெந்நீருக்கு ஒன்று, பச்சைத்தண்ணீருக்கு ஒன்று என அரை அங்குல வால்வு இரண்டு வையுங்கள். கால் சுற்றில் மூடும் பந்து வால்வுதான் வேண்டும். பல சுற்று திருகும் வகை காலப்போக்கில் இறுகிப்போகும். பெக்ஸ் வெட்டுவதற்குப் பல காணொளிகள் இருப்பதால் அதை இங்கே விளக்கப்போவதில்லை. மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன். வெட்டும் முன் பம்ப், வெளிக்குழாய், வெந்நீர்க் கலன் மூன்றையும் நிறுத்தித் தண்ணீரை வடித்துவிடுங்கள். இறுக்கும் வளையம் குழாயின் விளிம்பிலிருந்து 3 முதல் 6 மில்லிமீட்டர் உள்ளே உட்கார வேண்டும். வால்வைப் பலகையோடு பிடித்துக் கட்டுங்கள். இல்லையென்றால் கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் குழாயும் சேர்ந்து முறுக்கும்.

அழுத்தி நுழைத்தாலே பிடித்துக்கொள்ளும் இணைப்பான்கள் வேலைக்குச் சுலபம்தான். நடுவழியில் அவசரத்துக்கு உதவும் என்று இரண்டு நானும் வைத்திருக்கிறேன். நிரந்தர வேலைக்கு, நாள் முழுக்கக் குலுங்கும் வண்டியில், வளையம் போட்டு இறுக்குவதையே விரும்புகிறேன்.

படி 3: ஹோஸ் வாங்குவது

மேலே துருப்பிடிக்காத எஃகு வலை பின்னிய ஹோஸ் வாங்குங்கள். எஃகு வெளியேதான், உள்ளே இருப்பது ரப்பரோ பிளாஸ்டிக்கோ என்பதை மறக்க வேண்டாம். எனவே அதற்கும் ஆயுள் உண்டு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மாட்டிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு துணி டேப்பில் எழுதி ஹோஸிலேயே சுற்றுங்கள். மெஷின் பக்கம் 90 டிகிரி முழங்கை கொண்டதாகக் கேளுங்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

ஹோஸ் வெடித்து வேகம் கூடினால் தானாக அடைத்துக்கொள்ளும் வகை ஒன்று விற்கிறார்கள். வீட்டுக்கு நல்லது. வண்டியில் நான் அதை நம்புவதில்லை. சாதாரண ஆர்.வி. பம்ப் நிமிடத்துக்கு 3 காலன் அளவில்தான் தள்ளும். அடைப்பான் விழுவதற்குத் தேவையான வேகம் அதைவிடக் கூடுதலாக இருந்தால், ஹோஸ் வெடித்தாலும் அது அசையாது. வாங்குவதென்றால் பெட்டியில் போட்டிருக்கும் அளவைப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய கசிவை அது எப்படியும் பிடிக்காது.

படி 4: மாட்டுவது

மெஷினுக்குப் பின்னால் நான்கு விரல் இடம் இருந்தால் அதிர்ஷ்டம். நேரான ஹோஸை மாட்டி மெஷினை உள்ளே தள்ளினால், நட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உலோகப் பூணின் விளிம்பிலேயே ஹோஸ் மடிகிறது. முதலில் விட்டுக்கொடுப்பது அந்த இடம்தான். முழங்கை ஹோஸ் பூணிலிருந்து இரண்டு அங்குலமாவது நேராக இறங்கி, பிறகு வளையும்.

பழைய ஹோஸைக் கழற்றியதும் மெஷினின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய வாஷர் (ரப்பர் வளையம்) உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் புது வாஷர் உட்கார்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். அங்கே இருக்கும் சல்லடையை எடுத்துக் கழுவித் திரும்ப வையுங்கள். முகாம் தண்ணீரில் மணல் வரும்.

மெஷின் பக்கத்து மரை பிளாஸ்டிக். நட்டை முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். ‘டக்’ என்று ஒரு சின்ன இறக்கம் கைக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் மரை நேராக ஏறும். முடிந்தவரை கையால், பிறகு பிளையரால் கால் சுற்று, போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். இங்கே தண்ணீரை நிறுத்துவது வாஷர், மரை அல்ல.

இனிதான் என்னை அதிகம் அலைக்கழித்த இடம். நட்டை இறுக்கும்போது ஹோஸும் கூடவே சுற்றிக்கொள்கிறது. இரண்டு முனையும் இறுகிய பிறகு அந்த முறுக்கு உள்ளேயே தங்கிவிடும். நின்ற இடத்தில் ஒன்றும் தெரியாது, ஒரு சொட்டும் வராது. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் அதிரும்போது, முறுக்கு தன்னை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும். நட்டையும் சேர்த்துத் தளர்த்தும். எங்கள் வண்டியில் இறுக்கிய நட்டு திரும்பத் திரும்பத் தளர்ந்ததற்குக் காரணம் இதுதான். நட்டை மேலும் இறுக்கினால் முறுக்கும் கூடுகிறது!

வழி எளிது. மாட்டும் முன் ஹோஸைத் தொங்கவிட்டு, முனையிலிருந்து முனை வரை மார்க்கர் பேனாவால் நேராக ஒரு கோடு இழுங்கள். சுவர்ப் பக்கம் முதலில் மாட்டி இறுக்குங்கள். பிறகு மெஷின் பக்கம்: ஒரு கையால் முழங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டை மட்டும் திருப்புங்கள். முடிந்ததும் கோட்டைப் பாருங்கள். திருகாணி மாதிரி சுற்றியிருந்தால் நட்டைத் தளர்த்தி, ஹோஸை விடுவித்து, மறுபடி. கோடு நேராக ஓட வேண்டும்.

எஃகு வலை மென்மையாகத் தோன்றும். பக்கத்துப் பெக்ஸ் குழாயில் உரசிக்கொண்டே போனால் அரம் போல அறுத்துவிடும். தொடும் இடங்களில் நுரைக் குழாய் உறை போட்டு, அசையாமல் கட்டுங்கள்.

படி 5: சோதனை

நட்டிலிருந்து மெஷின் உடல் வரை நகப்பூச்சால் குறுக்கே ஒரு சிறு கோடு போடுங்கள். பிறகு கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் கீழே காய்ந்த டிஷ்யூ தாள் ஒன்று வைத்து வால்வைத் திறந்து, ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அடுத்து ஒரு வெந்நீர்த் துவைப்பு, மறுபடியும் பாருங்கள். சூட்டில் வாஷர் இளகும். மூன்றாவது சோதனை முதல் நாள் பயணத்துக்குப் பிறகு. தலையை நுழைக்க இடமில்லை என்றால் கைபேசியை நீட்டிக் காணொளி எடுங்கள்.

மெஷினுக்கு அடியில் பேட்டரியில் கத்தும் நீர் எச்சரிக்கைக் கருவி ஒன்று போடுங்கள். விலை அதிகமில்லை.

கழிவுநீர் ஹோஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது துள்ளி வெளியே வராமல் கட்டுங்கள், ஆனால் காற்றுப் புகாமல் அடைத்துவிட வேண்டாம். அடைத்தால் சைஃபன் ஆகி, மெஷினில் இருக்கும் தண்ணீர் உறிஞ்சப்பட்டுத் தானே இறங்கிவிடும். கழிவுநீர்த் தொட்டி நிறைந்திருக்கும்போது துவைத்தால், மெஷின் வெளியேற்றுவது குளியலறைத் தரை வழியாக மேலே வரும்.

வண்டி கிளம்பும் முன் பம்பை நிறுத்துங்கள், இரண்டு வால்வையும் மூடுங்கள், ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

வால்வை மூடிவிட்டு மறந்து மெஷினைப் போட்டால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். தண்ணீர் வரவில்லை என்று மெஷின் பிழை காட்டி நிற்கும், அவ்வளவுதான். சோப்புப் பெட்டியின் கைப்பிடியில் ‘வால்வைத் திற’ என்று எழுதி ஓர் அட்டை தொங்கவிடுங்கள்.

மெஷின் தண்ணீர் எடுத்து நிறுத்தும்போது ‘டொம்’ என்று சத்தம் வருவதாக இன்னொருவர் எழுதியிருந்தார். உள்ளே இருக்கும் மின் வால்வு சட்டென்று மூடுவதால் ஓடும் தண்ணீர் முட்டுகிறது. சுவர் வால்வுக்கும் ஹோஸுக்கும் இடையில் திருகும் அதிர்வடக்கிகள் கிடைக்கின்றன; சூடு, குளிர் இரண்டுக்கும் ஒவ்வொன்று.

குளிர்காலச் சிக்கல் இந்தப் பதிவின் விளைவு என்றே சொல்லலாம். ஒருவர் புதிய வால்வுகளை மூடிவிட்டு மற்றக் குழாய்களிலிருந்து தண்ணீரை ஊதி வெளியேற்றியிருக்கிறார். வால்வுக்கும் மெஷினுக்கும் நடுவே சிக்கிய தண்ணீர் அப்படியே உறைந்துவிட்டது. உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். மெஷினின் பிளாஸ்டிக் வாய் அதைத் தாங்காது. குளிருக்கு மூடும் முன் வால்வுகளைத் திறந்தே வைத்து, இளஞ்சிவப்பு நிற ஆர்.வி. உறைதடுப்புத் திரவத்தைப் பம்ப் மூலம் இழுங்கள். மெஷினைப் பச்சைத்தண்ணீரில் ஓட்டி நிறம் தெரியும்வரை எடுங்கள், பிறகு வெந்நீரில். இரண்டுக்கும் தனித்தனி மின் வால்வு என்பதால் ஒன்றோடு நிறுத்தக் கூடாது. கடைசியாக வடித்துச் சுழற்றும் ஓட்டம் ஒன்று விட்டால் வெளியேற்றும் பம்புக்கும் திரவம் போய்ச் சேரும். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அதைக் குடிநீர்க் குழாயில் விடவே கூடாது.

1980களிலும் 90களின் தொடக்கத்திலும் செய்த வண்டி வைத்திருப்பவர்கள் படி 2-ல் குழாயின் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறமாக இருந்தால் அது பெக்ஸ் இல்லாமல் பாலிபியூட்டிலீனாக இருக்கலாம். பெக்ஸ் இணைப்பான் அதற்குப் பொருந்தாது. ஒரு பக்கம் பாலிபியூட்டிலீன், மறுபக்கம் பெக்ஸ் என்று வரும் மாற்று இணைப்பானைக் கேட்டு வாங்கி, அதற்குப் பிறகு வால்வை வையுங்கள்.