கை கால் உருவாகும் வாரங்கள்: கருத்தரிக்கும் முன்பே பார்க்க வேண்டியவை

நாள் தள்ளிப்போய், சோதித்துப் பார்த்து, டாக்டரிடம் போகும்போது பலருக்கு எட்டு வாரம் ஆகியிருக்கும். அதற்குள் கருவின் கை கால் பாதி உருவாகிவிடும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால், கை மொட்டு ஆறாவது வாரத்தில் முளைக்கிறது. கால் ஓரிரு நாள் பிந்தும். பத்தாவது வாரத்துக்குள் விரல்கள் பிரிந்துவிடும். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே, மூன்று மாதம் முன்னதாகத் தொடங்குங்கள்.

வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். கம்பெனிப் பெயரைவிட மருந்தின் மூலப்பெயர்தான் முக்கியம். வலிப்புக்கான வால்புரோயேட், மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் ஆகியவை கை கால் வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியவை. நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென விட்டு வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து. மாற்று மருந்து பழகிய பிறகு கருத்தரிக்கலாம். மெத்தோட்ரெக்சேட்டை மூன்று மாதம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம்.

தாலிடோமைடு பழங்கதை அல்ல. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்து, வாந்திக்கும் கொடுக்கப்பட்டு, 1961 இறுதியில் திரும்பப் பெறப்படுவதற்குள் பல்லாயிரம் குழந்தைகளைப் பாதித்தது. இன்றும் தொழுநோய் எதிர்வினைக்கும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கும் அதைத் தருகிறார்கள். கடைசி மாதவிலக்கிலிருந்து ஏறக்குறைய 34 முதல் 50ஆம் நாளுக்குள் ஒரு மாத்திரை சாப்பிட்டாலே கருவின் கை கால் குறைபடலாம். விந்திலும் கலப்பதால், சாப்பிடும் ஆண் ஆணுறை அணிய வேண்டும்.

நம்மூரில் அதிகம் கவலைப்பட வேண்டியது, சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கும் கருக்கலைப்பு மாத்திரை. அதிலுள்ள மிசோப்ரோஸ்டால் கருப்பையை இறுக்கிச் சுருக்குகிறது. கருவுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. கரு கலையாமல் தங்கிவிட்டால் விரலோ கையோ குறைந்து பிறக்கலாம், பாதம் வளையலாம். இரத்தம் போனதாலேயே கலைந்துவிட்டது என்று நம்பாதீர்கள். இரண்டு வாரத்தில் ஸ்கேன் எடுத்து உறுதிசெய்யுங்கள்.

சர்க்கரை நோய் முன்பே இருந்தால் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.5 சதவீதத்துக்குள் வரட்டும். 10ஐத் தாண்டினால் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுங்கள். தொடை எலும்பும் முதுகின் அடிப்பகுதியும் குறைபடலாம். ஆறாம் மாதத்துக்கு மேல் புதிதாக வரும் சர்க்கரை இதற்குக் காரணமாகாது. அதற்குள் கை கால் உருவாகி முடிந்துவிடும்.

சின்னம்மை வராதவர்கள் இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டு, ஒரு மாதம் பொறுக்கவும். புகை கூடாது. ஃபோலிக் ஆசிட் தினம் 400 மைக்ரோகிராம், சர்க்கரையோ வலிப்போ இருந்தால் டாக்டர் சொல்லி 5 மில்லிகிராம். ஆனால் அது முக்கியமாகத் தண்டுவடத்துக்கான காவல். அதை நம்பி மற்றதை விடாதீர்கள். சொந்தத்தில் மணந்தவர்கள், குடும்பத்தில் யாருக்காவது கை கால் குறை இருந்தால் மரபணு ஆலோசனை பெறவும்.

இத்தனை பார்த்தும் பல குழந்தைகளுக்குக் காரணம் தெரிவதில்லை. பனிக்குடச் சவ்வின் இழை விரலைச் சுற்றி இறுக்குவது தற்செயல். கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ காய் நறுக்கியதாலோ எதுவும் ஆகாது. தாயைக் குறைசொல்ல அது ஒரு சாக்கு, அவ்வளவே.

ஸ்கேனுக்குப் போகும்போது, சாப்பிட்ட மாத்திரைகளையும் தேதிகளையும் எழுதிக் கொடுங்கள். 11 முதல் 14 வாரத்திலேயே கை கால் தெரியும். 18 முதல் 20 வாரத்தில் ஒவ்வொரு நீள எலும்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கை மூடியிருந்தால் விரல் எண்ண முடியாது. கொஞ்சம் நடந்துவிட்டு வந்து மறுபடி பார்க்கலாம்.